கடவுளைக் கடவுள் என்று நினைப்பது

புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினாள், ஒரு வரி படித்தாள், அதைச் சாப்பாட்டு மேசையில் ஓங்கி அறைந்தாள். எதிரே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“பல்லைக் கடிக்காதே,” என்றார். அவர் பல் டாக்டர். மனைவியின் கடைவாய்ப் பல் தேய்ந்ததற்கு யார் காரணம் என்று கேட்டால், அவள் வேலை பார்க்கும் சமய ஒப்பாய்வுத் துறையைக் கைகாட்டுவார்.

“படிங்க. சத்தமா படிங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “‘கடவுளைக் கடவுள் என்று நினைப்பதும், பிறகு அந்தக் கடவுளையும் கடவுள் என்று நினைப்பதுமே ஒப்பாய்வின் முதல் பிழை.’” கொஞ்சம் யோசித்தார். “ஆழமா இருக்கே.”

“ஆழமா? நாசமாப் போச்சு! நான் எழுதினது, ‘அணங்கைத் தெய்வம் என்று நினைப்பதும், பிறகு அந்தத் தெய்வத்தையும் ஆண்டவன் என்று நினைப்பதும்.’ எந்தப் படுபாவியோ மாத்தியிருக்கான்!”

அவளுடைய பிழைப்பே அந்தச் சொற்கள்தான். ஐந்து சமயங்களையும் அவற்றின் பழைய மொழிகளையும் தலைகீழாய் நின்று படித்தவள். ஒவ்வொரு சமயமும் எதைக் கும்பிடுகிறதோ, அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லை ஒதுக்கியிருந்தாள். மலையிலும் மரத்திலும் இருந்துகொண்டு ஆட்டிப்படைப்பது அணங்கு. படையலை வாங்கிக்கொண்டு கேட்டதைத் தருவது தெய்வம். சட்டம் போட்டு ஆள்பவன் ஆண்டவன். உருவமும் விருப்பமும் இல்லாதது பரம்பொருள். ஐந்தாவதற்குப் பெயரே கிடையாது. ‘அவங்க’ என்ற பேச்சு வார்த்தையைத்தான் அச்சிலும் வைத்திருந்தாள். ஒருவருடைய சொல் இன்னொருவர் பக்கம் எட்டிப் பார்த்தால் தொலைந்தது. மாணவர்கள் அவளுக்கு ‘வேலி மேடம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். கடவுள் என்ற சொல்லை மட்டும் அவள் தொடவே இல்லை. அது ஆளாளுக்கு எதையெதையோ போட்டு அடைத்த மூட்டை என்பாள்.

இப்போது புத்தகம் முழுக்க அந்த மூட்டைதான்.

ஆட்டோ பிடித்துத் துறைக்குப் போனாள். துறைத்தலைவர் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவர்; அவள் குறிப்புகளைப் பார்த்துப் பரீட்சை எழுதித் தேறியவர். யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்பதற்காகவே, அவளுக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலி அவருக்குப் போனது.

“யார்டா மாத்தினது?”

“நானேதான்.” முகத்தில் பெருமை வழிந்தது. “கம்ப்யூட்டர்ல ஒரேயடியா மாத்தினா சந்தியெல்லாம் கந்தலாயிடும். ஒவ்வொரு இடமா உட்கார்ந்து, வல்லினம் மிகுமா மிகாதான்னு பார்த்துப் பார்த்து மாத்தினேன். முதுகே போச்சு.”

“உன்னை யார் கேட்டா?”

“கோவிச்சுக்காத. காலம் கெட்டுக் கிடக்கு. அணங்கு பெருசா ஆண்டவன் பெருசான்னு எவனாவது கல்லைத் தூக்கிட்டு வருவான். நமக்கெதுக்கு வம்பு? எல்லாம் ஒண்ணுதானே.”

எல்லாம் ஒண்ணுதானே! அந்த வார்த்தையைக் கேட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். அவள் அப்பா வீட்டுச் சமயம் வேறு, அம்மா வீட்டுச் சமயம் வேறு. அம்மா கும்பிட்டதன் பெயரைச் சொல்வதே பாவம். ‘அவங்க பார்த்துப்பாங்க’ என்பாள் அம்மா. சாகக் கிடந்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை எங்க ஆளுங்க வழியில அனுப்பிடு” என்று கேட்டாள். பெரியப்பாவும் சித்தப்பாவும் விடவில்லை. “எல்லாம் ஒண்ணுதானேம்மா, இதுல என்ன இருக்கு?” என்று சொல்லித் தங்கள் வழியிலேயே அனுப்பிவைத்தார்கள். ஒன்றுதான் என்றால் அம்மா வழியில் அனுப்பியிருக்கலாமே! அதை ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள்.

சட்டென்று சமர்ப்பணப் பக்கத்தைத் திருப்பினாள். ‘அம்மாவுக்கும் அவங்களுக்கும்’ என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ‘அம்மாவுக்கும் கடவுளுக்கும்’ என்று இருந்தது.

“நிறுத்துடா இதை,” என்றாள்.

“அச்சாயிடுச்சு. சாயங்காலம் வெளியீடு. உரிமையைத் துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கே, வேற எங்கயும் போட முடியாது. இந்த மாசத்தோட உனக்கு ஓய்வு. இதுவும் இல்லன்னா, இத்தனை வருஷம் நீ என்ன செஞ்சேன்னு காட்ட என்ன இருக்கு, சொல்லு?”

காட்ட வேறு ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் வரிசையாக வந்து அதை வானளாவப் புகழ்ந்தார்கள். அவள் முறை வந்ததும் ஒலிபெருக்கி முன்னால் போய் அந்த மூன்றாம் அத்தியாய வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். சிரிப்பார்கள், அப்போது நடந்ததைப் போட்டு உடைக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

கைதட்டினார்கள்.

“கைதட்டாதீங்க! இது தப்பு. இது நான் எழுதினது இல்ல!”

“என்ன ஒரு தன்னடக்கம்!” என்றார் துறைத்தலைவர். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அவள் விடவில்லை. அணங்கு என்றால் என்ன, ஆண்டவன் என்றால் என்ன, எது எங்கே மாற்றப்பட்டது என்று பிட்டுப் பிட்டு வைத்தாள். அம்மாவை எப்படி அனுப்பினார்கள் என்று, யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பாடா, ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று அவள் மூச்சு விடுவதற்குள் துறைத்தலைவர் எழுந்து ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

“எந்த வழியில போனா என்ன? அம்மா அம்மாதானே!”

அரங்கமே எழுந்து நின்று தட்டியது.

அவள் மேடையை விட்டு இறங்கினாள். கணவர் பக்கத்தில் வந்து, “வா, வீட்டுக்குப் போகலாம்,” என்றார். அதற்குள் ஒரு அம்மாள் புத்தகத்தோடு வழிமறித்தாள்.

“எல்லாம் ஒண்ணுதான்னு எவ்வளவு அழகா சொல்லிட்டீங்க, மேடம்! ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

அவள் பேனாவை வாங்கினாள். முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே அச்சாகியிருந்த தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதன் மேல் இன்னொன்று. காகிதம் கிழிகிற வரைக்கும் அடித்தாள். புத்தகத்தை மூடி அந்த அம்மாளின் கையில் திணித்தாள்.

அந்த அம்மாள் திறந்து பார்த்தாள். அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பின்னால் நின்றிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பிரதியை நீட்டினார்.

“எனக்கும் அதே மாதிரி, மேடம்.”

அவருக்குப் பின்னால் கதவு வரைக்கும் வரிசை நின்றது.

“கொடுங்க,” என்றாள் அவள். ஒரு பிரதியைக்கூட விடவில்லை.