பிரவின்குமாருக்கு மனப்பாடமான எண்

என் மனைவி டீனாவின் லேப்டாப் போத்தனூரில் எங்கள் வீட்டு மேசையில் ஒழுங்காக ஆன் ஆனது. அவிநாசியில் அவளுடைய அலுவலக மேசையில் மட்டும் நீலத் திரையைக் காட்டி நாற்பத்தெட்டு இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டது. அதே லேப்டாப், அதே சார்ஜர். போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் போட்ட நாளிலிருந்து மூன்று வாரமாக இப்படித்தான்.

நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் லேப் எடுப்பவன். எங்கள் தெருவில் யார் வீட்டு மெஷின் நின்றாலும் "எபினேசரைக் கூப்பிடு" என்பார்கள். எம்பிராய்டரி டிசைனரான என் மனைவி மட்டும் தினமும் காலையில் பிரவின்குமாரைக் கூப்பிட்டாள். பிரவின்குமார் அவள் கம்பெனியின் சிஸ்டம் அட்மின். ஒருமுறை கம்பெனி வேனில் ஜன்னலோரம் பார்த்திருக்கிறேன். தலைமுடி நன்றாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வந்ததும் கேட்டேன்.

"இன்னைக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. பிரவின் வந்து அடிச்சுக் குடுத்தாரு. இப்பெல்லாம் பேப்பரே பாக்கறதில்லீங்க. நாப்பத்தெட்டும் மனப்பாடம்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றது. "மனப்பாடமா?"

"அடிக்கறதைப் பாக்கோணுமே! சர்ச்சுல அமிர்தராஜ் அண்ணன் கீபோர்டு வாசிக்கற மாதிரியே இருக்குது."

அவளுடைய ஃபோன் நம்பரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கத்துக்கு மேல் வரவில்லை.

"அதொண்ணும் பெரிய வித்தையில்லை அம்மணி. ஆறு ஆறு இலக்கமா எட்டுக் கட்டு. ஒவ்வொரு கட்டும் பதினொண்ணால மீதியில்லாம வகுபடும். ஒரு நம்பர் தப்பா அடிச்சா அந்தக் கட்டுலயே காட்டிக் குடுத்துரும். அதனால யாரு வேணா தப்பில்லாம அடிக்கலாம்."

"அவரு தப்பே பண்றதில்லீங்க" என்றாள் டீனா, நான் சொன்னதை ஆமோதிப்பது போல. பிறகு குரலை இறக்கினாள். "பாவங்க. திங்கக்கெழமைக்குள்ள இதைச் சரி பண்ணலீன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்னு மேனேஜர் சொல்லிப்போட்டாரு."

நான் வெங்காயத்தை மேலும் பொடியாக நறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். பத்து முறை அணைத்துப் போட்டேன். ஒரு முறைகூட அது கீ கேட்கவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். டிரைவில் இருப்பதெல்லாம் என்கிரிப்ஷனால் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டின் சாவி போர்டில் உள்ள ஒரு சின்னச் சிப்புக்குள் இருக்கிறது. லேப்டாப் ஆன் ஆகும்போது எந்த ஃபர்ம்வேர் ஓடுகிறது, அது முதலில் எதைத் தொடுகிறது, அடுத்து எங்கே போகிறது என்று எல்லாவற்றையும் சிப்பில் குறித்துக்கொண்டே வரும். பூட்டிய அன்றைய கணக்கும் இன்றைய கணக்கும் ஒத்துப்போனால் சிப் சாவியை விடும். இடையில் வேறு ஒரு வாசலை எட்டிப் பார்த்திருந்தால்கூட விடாது. அப்போதுதான் அந்த நாற்பத்தெட்டு இலக்கம். அன்று எனக்கு அந்தச் சிப்பை மிகவும் பிடித்துப்போனது.

ஆக, அவிநாசியில் அது எட்டிப் பார்க்கும் வாசல் எது?

"டீனா, ஆபீசுல காலைல என்ன பண்ணுவியோ, அதை அப்படியே இங்க பண்ணிக் காட்டு."

"எதுக்குங்க?"

"பண்ணு."

அவள் சிரித்துக்கொண்டே கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு வாசலிலிருந்து நடந்து வந்தாள். "குட் மார்னிங் செவ்வந்தியக்கா" என்று எங்கள் பீரோவைப் பார்த்துச் சொன்னாள். சார்ஜரைச் சொருகினாள். ஐடி கார்டு நாடாவில் தொங்கிய பென்டிரைவைக் கழற்றி லேப்டாப்பில் சொருகினாள். பிறகுதான் பவர் பட்டனை அழுத்தினாள்.

நீலத் திரை வந்தது.

"ஐயோ, இங்கயும் கேக்குதுங்க!"

"பென்டிரைவை எதுக்கு மொதல்லயே சொருகற?"

"எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைனை இதுல ஏத்தித்தானே குடுக்கோணும். மறந்துட்டா ஆப்பரேட்டர் மாசாணியம்மாள் திட்டும். அதனால வந்ததும் சொருகீருவேன்."

பென்டிரைவை உருவிவிட்டு மறுபடி போட்டேன். எதுவும் கேட்காமல் ஆன் ஆனது. சொருகிப் போட்டேன். கேட்டது. லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸுக்குள் போய்ப் பார்த்தேன். ஆன் ஆகும்போது எதை முதலில் தேடுவது என்ற பூட் வரிசையை ஃபர்ம்வேர் அப்டேட் கலைத்து, யுஎஸ்பியை முதலிடத்தில் வைத்திருந்தது. பென்டிரைவ் இருந்தால் லேப்டாப் முதலில் அதைத் தட்டிப் பார்க்கிறது. அதில் ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தாலும், தட்டியது கணக்கில் ஏறிவிடுகிறது. சிப் சாவியை விடுவதில்லை.

"இந்தப் பென்டிரைவ் யாரு குடுத்தது?"

"பிரவின்தானுங்க."

"உனக்கு மட்டுமா?"

"எங்க செக்சன்ல பதினோரு பேத்துக்கும். எல்லாரு லேப்டாப்புலயும் இதே தொல்லைதானுங்களே."

"அதைச் சொல்லவேயில்லையே நீ!"

"நீங்க என்ற லேப்டாப்பைப் பத்தித்தானே கேட்டீங்க."

"பதினோரு நம்பரும் அவனுக்கு மனப்பாடமா?"

அவள் யோசித்தாள். "இல்லீங்க. என்ற நம்பர் மட்டுந்தான்."

நான் லேப்டாப்பை மூடினேன்.

"நாளைக்கு ஆன் ஆன பொறவு பென்டிரைவைச் சொருகு. கேக்காது. அவன் உன் மேசைக்கு வரவே வேண்டியதில்லை."

"அப்ப மத்தவங்களுக்கு?"

"அது அவன் வேலை."

"அவரு வேலை போயிருமுங்க."

நான் லேப்டாப்பை அவள் பைக்குள் வைத்தேன். சும்மா இருந்துவிடுவது எவ்வளவு எளிதாக இருந்தது என்பது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. நாளைக்குப் பிறகு அந்த வேனில் அந்தத் தலைமுடி இருக்காது. நான் எதுவும் செய்ய வேண்டியதுகூட இல்லை.

டீனா என் எதிரில் வந்து நின்றாள். "தெரிஞ்சதைச் சொல்லாம உங்களால ஒரு நிமிசம் இருக்க முடியாது. பஸ்ஸுல பக்கத்துச் சீட்டுக்காரனுக்கு ஏர் பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்ற ஆளு நீங்க. இதை மட்டும் உள்ள வெச்சுக்குவீங்களா?"

அவளே ஃபோனை எடுத்து நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தாள்.

"சொல்லுங்க டீனாக்கா" என்றது குரல்.

"அக்கா இல்லை. எபினேசர் பேசறேன்."

"அண்ணா! வணக்கமுங்ணா!" அந்தக் குரலில் பதற்றம் தெரிந்தது. "எங்கூட்டுக்காரரா இருந்தா இந்நேரம் கண்டுபுடிச்சிருப்பாருன்னு அக்கா தினமும் சொல்லுவாங்ணா. கேட்டுக் கேட்டு எனக்குச் சடைஞ்சே போச்சு. அந்தக் கடுப்புலதான் அவங்க நம்பரை மட்டும் உக்காந்து மனப்பாடம் பண்ணினேன். நானும் ஒரு ஆளுன்னு தெரியோணுமில்லீங்களா?"

டீனா சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரத்தை அவசியத்துக்கு மேல் சத்தமாக வைத்தாள்.

"பேப்பர் இருக்குதா தம்பி?" என்றேன்.

"இருக்குதுங்ணா."

"எழுதிக்கோ. ரெக்கவரி கீயை ஒருவாட்டி அடிச்சு உள்ள போ. அட்மின் லாகின்ல என்கிரிப்ஷனை சஸ்பெண்ட் பண்ணு, முழுசா எடுத்துறாதே. ரீஸ்டார்ட் பண்ணி பயோஸுக்குள்ள போ. பூட் வரிசையில உள்ள இருக்கற டிரைவை மொதல்ல வை, யுஎஸ்பியில இருந்து பூட் ஆகறதை ஆஃப் பண்ணு. சேவ் பண்ணி, லேப்டாப் ஆன் ஆனதும் என்கிரிப்ஷனை ரெஸ்யூம் பண்ணு. புதுக் கணக்கு சிப்புல ஏறிக்கும். அப்புறம் பென்டிரைவ் சொருகியிருந்தாலும் கீ கேக்காது. பதினொண்ணுக்கும் இதேதான். அடுத்த ஃபர்ம்வேர் அப்டேட் போடறதுக்கு முன்னாடி சஸ்பெண்ட் பண்ணிப்போட்டுப் போடு."