எந்தப் பாத்திரமும் ஆகும்

புதன்கிழமை மாலை நாலு பத்துக்கு டீச்சர் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஏழாவது கேள்வியின் மேல் விரலை ஊன்றினார்.

"இதுல டிக் போட்டது யாரு?"

கோவிலில் கொடுத்த படிவம். ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்குமுன் பெற்றோர் நிரப்பித் தர வேண்டும். ஏழாவது கேள்வி: குழந்தைக்கு ஆபத்து வேளையில் ஏற்கெனவே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தப் படிவத்தைச் சரிபார்த்து வாங்குகிறவர் டீச்சர். 'ஆம்' கட்டத்தில் யாரும் டிக் போட்டு அவர் பார்த்ததில்லை. அந்தக் கட்டம் அழகுக்கு வைத்தது என்றே நினைத்திருந்தார்.

"நான்தான் அண்ணி," என்றாள் தம்பி மனைவி. குழந்தையை மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். "கேட்டிருந்தாங்க. போட்டேன்."

டைல்ஸ் கடை வைத்திருந்த தம்பி, அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் தன் கடையிலிருந்து வந்த தரையைப் பார்த்தார்.

"யாரு குடுத்தது?" என்றார் டீச்சர்.

தம்பி மனைவி சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவரில்லை. ஞாயிறு மதியம் கோவில் மண்டபத்தில் ஞானோபதேச வகுப்பு நடத்துவார், அதனால் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீடு முழுக்க அவர் கையில், கோவில் பாதி.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் அவர் வகுப்பிலும் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொரு வயது. மறைமாவட்டத்து ஆயர் நேரில் வந்து எண்ணெய் பூசிக் கொடுக்கும் உறுதிப்பூசுதல் வாங்காதவள். அவளுடைய பன்னிரண்டாவது வயதில் ஆயர் வந்த அன்று, அவள் வேலை பார்த்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அடுத்த முறை ஆயர் வந்தபோது வேறு வீடு, வேறு விருந்தாளிகள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இப்போது அவள் தங்கை மகள் மாசமாக இருந்தாள். பிள்ளைக்குப் பெரியம்மாதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். உறுதிப்பூசுதல் வாங்காதவர் ஞானத்தாயாக நிற்க முடியாது. ஆயர் அடுத்த வாரம் வருகிறார். விட்டால் மூன்று வருடம்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் கையைத் தூக்கிக் கேட்பாள். டீச்சர் அவளுக்குக் 'கேள்வி' என்றே பெயர் வைத்தார். வீட்டிலும் அதுவே நிலைத்தது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, பாடம் ஞானஸ்நானம். சாகக் கிடக்கிற குழந்தைக்குச் சாமியார் வர நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று சொல்லி, டீச்சர் ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் தலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றிக் காட்டினார். கேள்வி கையைத் தூக்கினாள்.

"யாருன்னா, என்னைய மாதிரி ஆளும் குடுக்கலாமா டீச்சர்?"

எந்தக் கையும் ஆகும் என்றார் டீச்சர். எந்தத் தண்ணீர் என்று கேட்டாள். எந்தத் தண்ணீரும் ஆகும். சும்மா டம்ளரில் ஊற்றினால்?

"எந்தப் பாத்திரமும் ஆகும். உக்காரு."

அந்த வாரம் வியாழக்கிழமை தம்பி மனைவி குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள். வழுக்காது என்று உத்தரவாதம் கொடுத்துக் கடைக்காரத் தம்பி ஊரெல்லாம் விற்ற அதே டைல்ஸ்.

வண்டி வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது, ஆறு வாரம் முன்னதாக. நீலம் பாரித்திருந்தது. அழவில்லை. ஜெபமாலையைத் தேடிப் போன டீச்சர் அலமாரிக்கு முன்னால் மயங்கி விழுந்தார். பின்வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த கேள்வி டம்ளரோடு ஓடிவந்தாள். மிச்சத்தைக் கொட்டி, குழாயில் அலசி, நிறைத்து, மூன்று தடவை ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்னாள். மூன்றாவது தடவை குழந்தை மூச்சை இழுத்து வீறிட்டது. தண்ணீர் குளிர்ந்திருக்கும்.

டீச்சர் கண் விழித்ததும் தம் ஜெபம் கேட்கப்பட்டது என்றார். கோவிலில் நன்றியறிவிப்பும் வாசித்தார்கள். கேள்வியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுக்கு வேலை கிடந்தது.

அந்த டம்ளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோருடைய டம்ளரும் உள்ளே அலமாரியில் இருந்தது. கேள்வியுடையது மட்டும், விளிம்பு நசுங்கிய ஒன்று, பின்பக்க ஜன்னலுக்கு வெளியே கவிழ்ந்திருக்கும். அவளே எடுப்பாள், அவளே கழுவுவாள், அவளே கவிழ்ப்பாள். பதினாலு வருடம். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது, டம்ளர்தானே.

அன்று மாலையே கோவிலில் படிவத்தைப் பார்த்த ஃபாதர் எழுந்து கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல செய்தி என்றார். ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒருமுறைதான்; அது ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் பூசலாம், வெள்ளை உடை போடலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம். தண்ணீர் மட்டும் கிடையாது.

முன்னூறு பேரை அழைத்தாயிற்று. மூன்றடுக்குக் கேக் சொல்லியாயிற்று. தண்ணீர் விழுவதை மட்டும் மெதுவாக ஓட்டிக் காட்டுவதாக வீடியோக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். வார்த்தை சொல்லாமல், படத்துக்காகக் கொஞ்சம் ஊற்றலாமா என்று கடைக்காரர் கேட்டார். கூடாது என்றார் ஃபாதர். வார்த்தையைச் சொல்லிவிட்டு ஊற்றாமல் விட்டால்? அதுவும் கூடாது. குழந்தைக்குப் பதிலாக ஒரு பொம்மைக்கு? ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

டீச்சரின் கவலை தண்ணீர் இல்லை. பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தது: 'ஞானஸ்நானம் கொடுத்தவர்'. அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த இடத்தில் ஒரு சாமியார் பெயர். தம்பிக்கு ஓர் ஆயரே. நாளை இந்தப் பிள்ளை கல்யாணத்துக்குச் சான்றிதழை நீட்டும்போது அந்த இடத்தில் பாத்திரம் தேய்ப்பவள் பெயர் இருக்கும்.

ஒரு வழி உண்டு என்பது டீச்சருக்குத் தெரியும், அவரே நடத்தும் பாடம். வார்த்தை தவறியிருந்தால் அந்த ஞானஸ்நானம் செல்லாது. புதிதாகக் கொடுக்கலாம். அவள் படிக்காதவள், என்ன சொன்னாளோ என்றார். அவளையே வெள்ளிக்கிழமை அழைத்து வரச் சொன்னார் ஃபாதர்.

வியாழக்கிழமை டீச்சர் சமையலறைக்கு வந்து, நாற்காலி ஒன்றைக் காட்டி, உட்காரச் சொன்னார். கேள்வி நாற்காலியைப் பார்த்தாள். துடைக்கணுமா என்று கேட்டாள்.

உட்கார வைப்பதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நாளைக்கு ஃபாதர் கேட்டா, அன்னிக்கு என்ன சொன்னேன்னு ஞாபகமில்லன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"ஞாபகம் இருக்கே டீச்சர்."

"இல்லன்னு சொல்லச் சொல்றேன்."

"அது பொய்யில்லையா?"

சின்னப் பொய் என்றார் டீச்சர். அற்பப் பாவம்தான், அதற்கு ஏற்பாடும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சொன்னால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம். ஒருநாள்கூட முழுசாக அந்தப் பாவம் அவள்மேல் இருக்காது. ஆயர் வரும்போது வெளுத்த துணி மாதிரி போய் நிற்கலாம்.

கேள்வி அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

"சனிக்கிழமை சாமிகிட்ட சொன்னா, போய் உண்மையச் சொல்லிருன்னுதான் பரிகாரம் குடுப்பாரு. அப்ப ஞாயித்துக்கிழமை நடுப்பூசையில நான் எந்திரிச்சு சொல்லணும். வீடியோ ஓடுமே டீச்சர், பரவாயில்லையா?"

டீச்சர் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. பையிலிருந்து உறுதிப்பூசுதல் பட்டியலை எடுத்தார். முப்பத்தொரு பெயர். கடைசியில் இருந்த அவள் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். பென்சில்தான், நாளைக்கு நடப்பதைப் பார்த்து அழித்துக்கொள்ளலாம் என்றார்.

கேள்வி எழுந்து தேய்க்கப் போனாள். அன்று ஒரே தட்டை மூன்று முறை தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஃபாதரின் அலுவலகத்தில் ஐந்து பேரும் ஒரு குழந்தையும் ஒரு பொம்மையும். பொம்மை டீச்சருடையது. படுக்க வைத்தால் இரண்டு கண்ணும் மூட வேண்டும், ஒன்றுதான் மூடும்.

அன்று செய்தது போலவே செய்து காட்டச் சொன்னார் ஃபாதர். கேள்வி டம்ளரைப் பையில் கொண்டுவந்திருந்தாள். டீச்சர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டார், கோடு தெரிகிற மாதிரி.

கேள்வி கோட்டைப் பார்த்தாள். தம்பி மனைவியின் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். அது கொட்டாவி விட்டது. அவள் பொம்மையை இடது கையில் ஏந்திக்கொண்டாள்.

"பாப்பா," என்று ஆரம்பித்து நின்றாள்.

டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"சாமி, இந்த இடத்துல பேரு சொல்லணும். எனக்குப் பேரு தெரியாது. ஆம்பளையா பொம்பளையான்னுகூடப் பாக்கல. பாப்பான்னுதான் சொன்னேன். தப்பா?"

அதனால் ஒன்றும் குறையவில்லை என்றார் ஃபாதர்.

அவள் ஊற்றினாள். தந்தை. ஊற்றினாள். மகன். மறுபடி ஊற்றினாள். தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். பல வருடமாக மூடாத கண்ணில் தண்ணீர் பட்டதும் அது டக்கென்று மூடிக்கொண்டது. மிச்சத் தண்ணீர் ஃபாதரின் காகிதங்களுக்கு அடியில் ஓடியது.

அவள் சொல்லச் சொல்ல டீச்சரின் உதடும் கூடவே அசைந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். கடைசி வார்த்தை முடிந்ததும், வகுப்பில் வருவது போலவே, தானாக வந்தது:

"சரி. உக்காரு."

பொம்மையிலிருந்து தண்ணீர் சொட்டியது. டீச்சரே சரி என்றுவிட்டதால் தாம் சொல்ல ஒன்றுமில்லை என்றார் ஃபாதர். பிறகு எட்டிப் பார்த்து, பட்டியலில் அந்தக் கோடு எதற்கு என்று கேட்டார். பென்சில் தவறிப் பட்டுவிட்டது என்றார் டீச்சர். அது என்ன பாவம் என்று கேட்க வாயெடுத்த கேள்வி, வாயை மூடிக்கொண்டாள். ஃபாதர் மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினார்.

பதிவேட்டைத் திறந்து, 'கொடுத்தவர்' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, பெயரைக் கேட்டார்.

"கேள்வி," என்றார் கடைக்காரர், உதவியாக.

"கேளுங்க," என்றார் ஃபாதர்.

கடைக்காரருக்குக் காது சிவந்தது. பதினாலு வருடம் அவர் வீட்டில் வேலை பார்த்தவள், தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தானே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் பூசினார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். குழந்தையின் மூன்று கொட்டாவிகளை வீடியோக்காரர் மெதுவாக ஓட்டுவதற்கு எடுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தபின் ஃபாதர் நடந்ததை எல்லோருக்கும் சொல்லிவிட்டார், எந்தப் பாத்திரம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

அதனால் விருந்து முடிந்ததும் கோவில் மாதர் சங்கத்திலிருந்து இருபது பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தையைப் பார்க்க இல்லை. அந்தப் பாத்திரத்தைப் பார்க்க.

டீச்சர் கண்ணாடி அலமாரியிலிருந்து வெள்ளிக் கூஜாவை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பெண்கள் அதைத் தொட்டு முத்தம் செய்தார்கள். முழங்கால் வலிக்காரி ஒருவர் அதை முழங்காலில் வைத்து அழுத்திப் பார்த்தார். வலி கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கிறது என்றார்.

"அது இல்ல," என்றாள் தம்பி மனைவி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"டம்ளர்ல ஊத்தினாங்க. அவங்க டம்ளர். ஜன்னலுக்கு வெளிய இருக்கு."

அவளே போய் எடுத்துவந்து, கூஜாவை நகர்த்திவிட்டு, அங்கே வைத்தாள். முழங்கால் வலிக்காரி டம்ளரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். இவ்வளவு பெரிய வீட்டில் இது ஏன் வெளியே இருக்கிறது என்று கேட்டார்.

"காத்தோட்டமா இருக்கட்டும்னு," என்றார் டீச்சர்.

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. இருபது பேர் வீட்டிலும் பின்பக்க ஜன்னல் இருந்தது. அவசரமாக ஆளுக்கொரு முத்தம் கொடுத்தார்கள், நேரமாகிவிட்டது என்றார்கள், செருப்பைத் தேடினார்கள். முழங்கால் வலிக்காரிதான் முதலில் படி இறங்கினார்.

மேசையில் கேக்கின் அடித்தட்டும், அணைந்த மெழுகுவர்த்தியும், டம்ளரும் மிஞ்சின. கேள்வி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துப் போனாள். தட்டுகளைத் தேய்த்துத் துடைத்து அலமாரியில் அடுக்கினாள். கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்தாள். கூஜாவை அதன் இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கடைசியாக ஒன்று கையில் நின்றது. அதையும் கழுவி, துடைத்து, முந்தானையில் இன்னொரு தடவை துடைத்தாள். ஜன்னல் பக்கம் ஓர் அடி வைத்தவள் நின்றாள். கூடத்துக்கு வந்தாள். டீச்சர் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தம்பி மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இதை இனிமே எங்க வைக்கட்டும்?"