ஓகே அக்கா

பயிற்சி என்று சொல்லி அலுவலகத்தில் எல்லாரையும் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தபோது அஜந்தாவுக்கு எரிச்சல்தான் வந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறவளுக்கு யார் வந்து என்ன புதிதாகச் சொல்லித் தருவது? பாமினி எழுத்துருவில் அவள் அடிக்கும் வேகத்தைப் பார்த்து மேலதிகாரிகளே வாயைப் பிளந்திருக்கிறார்கள்.

பயிற்சி கொடுக்க வந்த பாறூக் பகிடியாகப் பேசுகிற மனிதர். "யாராவது ஒரு வரி அடிங்க பாப்பம்" என்றார். முன்வரிசையில் இருந்த அஜந்தா, கை பழகிய வரியையே அடித்தாள். 'அன்புள்ள தம்பிக்கு.' பாறூக் அதைத் தன் கைபேசிக்கு அனுப்பி, கைபேசியின் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்.

md;Gs;s jk;gpf;F

"இதான் விசயம். பாமினி இங்கிலிஷ் எழுத்துக்குத் தமிழ் உடுப்புப் போட்டு உடுறது. அந்த எழுத்துரு இல்லாத போனுக்குப் போனா உடுப்புக் கழண்டிரும். உங்கட கொம்பியூட்டர்ல வடிவாத்தான் தெரியும். மத்தப் பக்கம் போய்ச் சேர்றது இந்தக் குப்பை."

எல்லாரும் சிரித்தார்கள். அஜந்தாவுக்குத் தம்பிக்கு அனுப்பிய கடிதங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

தம்பி மதுரன் சுவிஸுக்குப் போய் ஆறு வருடம். மாதம் ஒரு கடிதம் அவள் இந்தக் கணினியிலேயே அடித்து மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவன் எதையும் கைபேசியில்தான் பார்ப்பான். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஆங்கில எழுத்தில் பதில் வரும்: ஓகே அக்கா. அவன் எப்போதும் சுருக்கமாகப் பேசுகிறவன்தான் என்று அவளும் இருந்துவிட்டாள்.

மற்றக் கடிதங்கள் போகட்டும். மழை, வெயில், பக்கத்து வீட்டுக் கலியாணம் என்று எழுதியவை. ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு முக்கியம். அப்பா தங்கராசா ஒருபக்கம் இழுத்துப் பாரிசவாதத்தில் விழுந்து கிடந்த நேரத்தில்தான் மதுரன் வெளிநாடு புறப்பட்டான். என் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் போகிறானே என்ற கோபத்தில், அவன் புறப்பட்ட காலையில் அஜந்தா அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். நாவற்குடா வீட்டு வாசலில் வேன் நின்றது. "அக்கா, நான் வாறன்" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது. அவள் திறக்கவில்லை. வேன் போய்விட்டது. இரண்டு வருடத்தில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

அப்பாவின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த கிழமையில்தான் அவள் மூன்று பக்கம் அடித்து மன்னிப்புக் கேட்டாள். அதற்கும் ஓகே அக்கா என்று பதில் வந்தது. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான்கு வருடம் நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறாள். பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் அவன் தொலைபேசியில் கூப்பிடும்போது அந்தப் பேச்சை எடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தீர்ந்துபோன விசயத்தை யார் கிளறுவார்கள்?

இப்போது பார்த்தால் அவன் ஒரு வரிகூட வாசித்திருக்கவில்லை.

எந்தக் கைபேசியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் எழுத்தில் அடிக்க, தமிழ்99 என்ற விசைப்பலகையைப் பழகச் சொல்லிவிட்டுப் போனார் பாறூக். அஜந்தா அன்றைக்கே தொடங்கினாள். அலுவலகச் சுற்றறிக்கைக்காக அவள் பழகுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கைதான் அடங்கவில்லை. பழைய பாமினி விசைகளிலேயே விரல் போய்த் தம்பி என்று அடித்தால் திரையில் 'பமநெண' என்று வந்தது. எழுத்துக்கு முன்னால் கொம்பு போட்டுப் பழகிய விரல், கொம்பைத் தேடிப்போய் வேறெங்கோ விழுந்தது. இரண்டுக்கும் பொதுவாக ம மட்டும் பழைய இடத்தில் இருந்தது. விசைகளில் ஒட்டுத்தாள் ஒட்டினாள். கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டும்போது கைப்பிடியிலேயே விரலால் தட்டிப் பார்த்தாள். தென்னைமரத்தடியில் குந்தியிருந்து வாவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் மதிய நேரத்தையும் விட்டுவிட்டு, கணினிக்கு முன்னாலேயே சோற்றுப் பொதியை அவிழ்த்தாள்.

"வொயிஸ்ல பேசி அனுப்பன்கா. ஏன் இந்தப் பாடு?" என்றாள் பக்கத்து மேசை பேர்னிஸ். அஜந்தா அவளிடம், தம்பிக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"வாயால வராது பேர்னிஸ். ரெண்டு தரம் போன் எடுத்துப் பாத்தன். சுகமா எண்டு கேட்டுப்போட்டு வச்சிட்டன்."

விரல் பழக மூன்று கிழமை பிடித்தது. பழைய மூன்று பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து அடிக்கத் தொடங்கினாள். பாமினியில் ஒரே மூச்சில் ஓடிய வசனங்கள் இப்போது ஒவ்வொரு எழுத்தாக நின்று அவளையே திருப்பிப் பார்த்தன. அப்பாவின் புண்ணைக் கழுவிய கதை, தனியே இருந்து அழுத கதை எல்லாம் எழுத்தெழுத்தாக அடிக்கும்போது வெட்கமாக இருந்தது. அவற்றை விட்டுவிட்டாள். கடைசியில் மிஞ்சியது ஐந்து வரி. நீ போன அன்றைக்கு நான் வேண்டுமென்றுதான் கதவைத் திறக்கவில்லை, உன் குரல் கேட்டது, கேட்டும் வெளியே வரவில்லை, என்னை மன்னித்துக்கொள், வாசித்துவிட்டுப் பதில் போடு.

அடுத்த நாள் மதியம் பதில் வந்தது. முதல்தடவையாகத் தமிழில், ஓகேயை விட நீளமாக.

'அக்கா, இவ்வளவு நாளும் நீங்க அனுப்பினது ஒண்டும் விளங்கல்ல. சொன்னா மனம் நோவிங்க எண்டு ஓகே போட்டன். இப்ப வாசிச்சன். நீங்க அண்டைக்கு வெளிய வரல்லையா? எனக்கு அப்பிடி ஒரு நினைவே இல்லயே. பாஸ்போட்டக் காணாமத் தேடின பதட்டம், வேன்காரன்ட சத்தம். நீங்க வாசல் கேற்றடியில நிண்டு கை காட்டினதாத்தான் என்ட மனசில இரிக்கு. இஞ்ச வந்த புதுசில தனிய இரிந்து அதத்தான் அடிக்கடி நினைச்சிருக்கன். நீங்க வேற யாரையோ நினைச்சிக் குழம்பிறீங்க போல.'

அஜந்தா அதை நான்கைந்து தரம் வாசித்தாள். சந்தோசப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோசம் வரவில்லை. பூட்டிய அறைக்குள் ஆறு வருடமாக அவள் மட்டும்தான் இருந்திருக்கிறாள். திறக்கச் சொல்லி வெளியே யாரும் காத்துக்கொண்டு நிற்கவில்லை. அவளுக்குத் தாங்க முடியாத தனிமையாக இருந்தது.

இல்லை, நான் வரவில்லை என்று திரும்ப அடிக்கலாம். அடித்தால் நம்புவான். கேற்றடியில் நிற்கிற அக்காவை அவனிடமிருந்து பறித்துக்கொண்டதாகவும் ஆகும்.

விசைகளில் ஒட்டிய தாள்களைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். பாதியில் பிழை வந்தது. அழித்துவிட்டு மறுபடியும் அடித்தாள்.

'ஓம் தம்பி. நான்தான் குழம்பிட்டன். வேன் முடக்கால திரும்பிற வரைக்கும் கேற்றடியில நிண்டு கை காட்டினன்.'

அனுப்பிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னவாம்கா தம்பி?" என்று பேர்னிஸ் எட்டிப் பார்த்தாள்.

"வாசிச்சிட்டானாம்" என்றாள் அஜந்தா.