டாக்டர் கேட்டாங்க

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு. மூணு இடம் மாமா."

மச்சான் வக்கீலின் மனுவை அவன் மடியில் வைத்து, மூடியைக் கழற்றிய பேனாவை அவன் விரல்களுக்கிடையே செருகினான். அவன் அதைப் பிடித்துக்கொண்டானே தவிர, கையெழுத்துப் போடவில்லை.

பிணவறைக்கு வெளியே இருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மனைவி இறந்து மூன்று மணி நேரமாகியிருந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், "என்னங்க, மூச்சு முட்டுது" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பியபோது கண்கள் நிலைகுத்திவிட்டன. முப்பத்தொரு வயது. வாயோரம் காய்ந்திருந்த பற்பசையை அவன்தான் கட்டைவிரலால் துடைத்துவிட்டான்.

காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறி அடைத்திருக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னார். அறுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

மச்சான், அவளுடைய ஒரே தம்பி, ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தான். அக்காவின் கைப்பையைத் திறந்தவன் அவன்தான். உள் ஜிப்புக்குள் கருத்தடை மாத்திரை அட்டை இருந்தது. இருபத்தொன்றில் பதினான்கு காலி. அட்டையைச் சுற்றி, எட்டாக மடித்த துண்டுச்சீட்டு.

"இதைப் படிச்சுப் பாருங்க. எறும்பு கூட இதைவிடப் பெருசா இருக்கும். 'காலில் வீக்கம், வலி இருந்தால் உடனே நிறுத்தவும்'னு போட்டிருக்கான். எங்க? பின்பக்கம், கடைசில. இதே மாத்திரைக்கு எங்க வக்கீல் ஏற்கனவே ரெண்டு கேஸ் நடத்துறார். கம்பெனி மேல நஷ்டஈடு ஒண்ணு, இந்த ஆஸ்பத்திரி மேல ஒண்ணு. மூணு நாள் முன்னாடி காலைக் காட்ட வந்தாளே, அந்த டாக்டரம்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் அக்கா இன்னிக்கு..." மூக்கை உறிஞ்சினான்.

அவனோ லிஃப்ட் மெக்கானிக். எச்சரிக்கை எழுத்தின் அருமை அவனுக்குத் தெரியும். எங்காவது லிஃப்ட் விழுந்தால், வருகிற கம்பெனி ஆள் அறுந்த கம்பியைப் பார்ப்பதற்கு முன் 'ஆறு பேர் மட்டும்' ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பான். மச்சான் சொன்னதில் தப்பில்லை. துண்டுச்சீட்டை அவன் எத்தனையோ முறை குப்பையில் பார்த்திருக்கிறான், ஒருமுறைகூடப் பிரித்ததில்லை.

ஆனால் மனுவின் இரண்டாம் பக்கத்தில், நடுவில், அந்த வரி இருந்தது. 'எந்த மாத்திரையாவது உட்கொள்கிறாரா என்று மருத்துவர் என் மனைவியிடமோ என்னிடமோ கேட்கவில்லை.'

டாக்டர் கேட்டார்.

சட்டைக் காலர் தைக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க ஒரே நாற்காலி, ஒரே பெடல். இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்று நொண்டிக்கொண்டு வந்தபோது, அவனும் அம்மாவும்தான் இங்கே கூட்டி வந்தார்கள். அந்த இளம் டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? கருத்தடை மாத்திரை, அந்த மாதிரி?" என்றார்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். மூத்தவளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது, அடுத்தது எப்போது என்று வாரம் தவறாமல் கேட்கிற அம்மா, மருமகளின் செருப்பைக் கையில் பிடித்தபடி அங்கேதான் நின்றிருந்தாள். சூப்பர்வைசர் ஆகிற வரைக்கும் அடுத்த குழந்தை வேண்டாம், அத்தைக்கு மட்டும் தெரியவே கூடாது என்று மனைவி அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"இல்ல டாக்டர்," என்று அவன் முந்திக்கொண்டான்.

தசைப்பிடிப்பாக இருக்கலாம், வீக்கம் வடியவில்லை என்றால் வாருங்கள் என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். படியிறங்கும்போது, அம்மா முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, அவள் அவன் தோளில் சாய்ந்தாள். "அப்பாடா, பொழைச்சோம்," என்று காதருகே சிரித்தாள்.

"என்ன மாமா யோசனை? போடுங்க. வக்கீல் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்."

அப்போது நடைவழிக் கதவைத் தள்ளிக்கொண்டு பெரிய டாக்டர் வந்தார். பின்னால் அந்த இளம் டாக்டர். கழுத்தில் மாட்ட வேண்டிய ஸ்டெதஸ்கோப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

மச்சான் எழுந்தே விட்டான். "வாங்க. எங்க அக்காவைக் கொன்னுட்டு இப்ப எதுக்கு வர்றீங்க?"

"தம்பி, உட்காருங்க, பேசுவோம்," என்றார் பெரியவர்.

"என்ன பேச்சு? கால் வீங்கி வந்த பொம்பளைகிட்ட இந்த மாத்திரை சாப்பிடுறியான்னு கேட்கத் தெரியாதா? இதைக்கூடச் சொல்லித் தராமலா படிக்க வைக்கிறாங்க?"

"நான் கேட்டேன்," என்றார் இளம் டாக்டர். குரல் எழும்பவில்லை.

"எங்க? எங்க எழுதியிருக்கு?" மச்சான் ஓ.பி. சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "காட்டுங்க! எந்த வரி?"

பெரியவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு இளம் டாக்டரைப் பார்த்தார். "ஏம்மா எழுதல?"

"அன்னிக்கு அறுபது பேர் சார். இல்லைன்னு சொன்னதால... எழுதல. ஆனா கேட்டேன் சார். சத்தியமா கேட்டேன்."

"பொய்!" மச்சானின் கத்தலில் பிணவறை ஆள் எட்டிப் பார்த்தார். "மாமா, நீங்கதான கூட இருந்தீங்க. சொல்லுங்க. கேட்டாங்களா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பெஞ்சின் மறுகோடியில், காலையிலிருந்து வாய் திறக்காத அம்மாவும் தலையை நிமிர்த்தினாள். இல்லை என்று தலையை அசைத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். இளம் டாக்டர் அவனிடம் எதுவும் கெஞ்சவில்லை. உதட்டைக் கடித்தபடி நின்றிருந்தார். அவருக்கும் கிட்டத்தட்ட அவள் வயதுதான்.

"கேட்டாங்க," என்றான்.

"என்னது?"

"டாக்டர் கேட்டாங்க. கருத்தடை மாத்திரையான்னு சொல்லியே கேட்டாங்க. நான்தான் இல்லைன்னேன்."

மச்சானுக்கு அது உறைக்க நேரம் பிடித்தது. "உங்களுக்குத் தெரியுமா? அவ சாப்பிடுறது தெரிஞ்சேவா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்?"

அவன் பெஞ்சின் மறுகோடிக்குத் திரும்பினான். அவன் கண் போன பக்கம் மச்சானும் பார்த்தான். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

மச்சான் காகிதங்களை அவன் மடியிலிருந்து பிடுங்கினான். "கம்பெனிக்காரன் வக்கீல் இதை விடுவானா? வீட்டுக்காரனே மறைச்சான், நாங்க என்ன பண்றதும்பான். ஒத்த வார்த்தை மாமா. ஒத்த வார்த்தையில அவளையும் அனுப்பிட்டீங்க, கேஸையும் அனுப்பிட்டீங்க."

"தம்பி," என்றார் பெரியவர்.

"என்னைத் தம்பின்னு கூப்பிடாதீங்க!"

இளம் டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். "நானும் காலை இன்னும் கொஞ்சம் நல்லாப் பார்த்திருக்கணும்," என்று பொதுவாகச் சொன்னார். "தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். பெரியவரும் பின்னாலேயே போனார்.

அம்மா மெல்ல எழுந்து அவன் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்டா."

"என்னம்மா?"

"அவ மாத்திரை சாப்பிடுறது. துணி மடிக்கும்போது பார்த்தேன். நாலு மாசம் இருக்கும். அவ வாயால சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

அவன் அம்மாவின் முகத்தையே பார்த்தான். "அப்ப அன்னிக்கு, டாக்டர் கேட்டப்ப..."

"நீ இல்லைன்னுட்ட." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பெத்த பிள்ளையை நாலு பேர் முன்னாடி பொய்யன்னு சொல்ல எனக்கு வாய் வரலடா."

மச்சான் இவர்கள் பக்கம் திரும்பாமல் நின்றிருந்தான். ஆனால் கேட்டுவிட்டான் என்பது அவன் தோள் தளர்ந்ததில் தெரிந்தது.

பிணவறை ஆள் வந்து ஒரு படிவத்தை நீட்டினார். "இதை நிரப்பிக் குடுத்தாத்தான் போஸ்ட்மார்ட்டத்துக்கு உள்ளே எடுப்பாங்க. சீக்கிரம்."

பெயர், வயது, தொழில். 'இறந்தவர் உட்கொண்டு வந்த மருந்துகள்' என்ற இடத்தில் பேனா நின்றது. மாத்திரையின் பெயர் அவனுக்கு எழுத வராது. மச்சானைப் பார்த்தான். மச்சான் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். அவன் அதைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். அடுத்த வரியில் 'எத்தனை நாட்களாக' என்று இருந்தது. பதினான்கு மாதம் என்று எழுதினான்.

"துண்டுச்சீட்டைத் தொலைச்சிடாத மச்சான்," என்றான். "எழுத்து சின்னதுதான். நீ சொன்ன அது பொய்யில்லையே. கோர்ட்டுக்குக் கூப்பிட்டா வர்றேன். நான் இல்லைன்னு சொன்னதையும் சேர்த்தே சொல்றேன்."

மச்சான் துண்டுச்சீட்டை மறுபடி எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

உடலைக் கொடுக்கும்போது நான்கு மணி. வேன் டிரைவர் பின்கதவைத் திறந்து, ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளி, "ஒருத்தர் முன்னாடி வரலாம்," என்றார். அம்மா முன்னால் ஏறிக்கொண்டாள். மச்சான் பின்னால் ஏறி, ஓரமாக இருந்த பலகையில் உட்கார்ந்தான். அவன் கீழேயே நின்றான். வேறு வண்டி பிடித்து வருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது.

"ஏறுங்க சார், நேரமாகுது," என்றார் டிரைவர்.

மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி முழங்காலை ஒடுக்கிக்கொண்டான். அவன் ஏறி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் வேகத்தடை. வேன் தூக்கிப்போட்டதில் ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமாக நகர்ந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டி அதன் கம்பியைப் பிடித்தார்கள். வண்டி பெரிய சாலைக்கு வந்து சீராக ஓட ஆரம்பித்த பிறகும் இருவரும் கையை எடுக்கவில்லை.