கத்தித் தாளில் போட்ட கையெழுத்து

கடிதம் வந்த சனிக்கிழமை காலை பெவர்லி அதை மூன்று முறை படித்தாள். நான்காவது முறை கணவன் கீத் படித்தான், வாய்விட்டு.

எழுதியது வழக்கின் எதிர்த்தரப்பு அல்ல, அவளுடைய இன்சூரன்ஸ்தான். வீட்டு இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம், கூட இருபத்தைந்து பவுண்டு கட்டி, வழக்குச் செலவுக்கும் சேர்த்து எடுத்து வைத்திருந்தாள். தான் வேலை பார்த்த கிரிம்ஸ்பி மீன் ஆலையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு மூன்று இடத்தில் உடைந்தபோது அதுதான் கை கொடுத்தது. ஆலைமேல் வழக்குப் போட வக்கீலை அவர்களே அமர்த்தினார்கள். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவையும் அவர்களே ஏற்பார்கள். நிபந்தனை இரண்டு. ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்க வேண்டும், ஐம்பத்தோரு சதவீதமாவது. அவள் பொய் சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது சந்தேகம் இரண்டாவது நிபந்தனையில். விபத்துப் பதிவேட்டின் பக்கம் ஒன்றை ஆலை அனுப்பியிருந்தது. ‘படியில் கால் தவறி விழுந்தார்’ என்று அதில் இருந்தது. கீழே பெவர்லியின் கையெழுத்து, அச்சடித்தது போல. பத்தே முக்காலுக்கு வலது கை நொறுங்கியவர் பத்து ஐம்பத்தைந்துக்கு இவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டது எப்படி என்று எதிர்த்தரப்பு கேட்டிருந்தது. கை உடைந்தது ஆலையிலா, வேறு எங்காவதா? பதினான்கு நாளில் விளக்கம் வராவிட்டால் காப்பீடு தொடக்கத்திலிருந்தே ரத்து. இதுவரை ஆன செலவை அவளே கட்ட வேண்டும்.

“சொன்னேன்ல,” என்றான் கீத். “இந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஆலையோட இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரே ஊர்ல ஆபீஸ், ஒரே தெரு. ஒண்ணா உக்காந்து டீ குடிச்சுட்டு நம்ம தலையில கை வைக்கிறானுங்க.”

“நீ பேசாம இரு, கீத்.”

“அந்த வக்கீல் பய ஜோர்டன் மூஞ்சிய ஒரு தடவையாவது பாத்திருக்கியா? போன்லயே குடும்பம் நடத்துறான்.”

பெவர்லி அந்தப் பக்கத்தின் நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். அன்று அவள் இடது கையால் கிறுக்கியது அவளுக்கே நினைவிருக்கிறது. அது கையெழுத்தாகவே இல்லை, மண்புழு மாதிரி ஒரு கோடு. மேலே விபத்து விவரத்தை எழுதியது அவள் தோழி லினெட். வலியில் அவள் படித்துப் பார்க்கவில்லை. ஆனால் இந்த நகலில் மண்புழு இல்லை. பெயரின் முதல் எழுத்தான ‘B’யில் இரண்டு வயிறும் இறுக்கமாக மூடியிருந்தன. பெவர்லி தன் பெயரின் முதல் எழுத்தை ஒருநாளும் மூடியதில்லை.

அப்படி மூடிப் போடுவது லினெட். பதினோரு வருஷமாக.

ஆலையில் மீன் அறுக்கும் ஒவ்வொருவரும் காலையில் கத்தியை எண் பார்த்து வாங்கிக் கத்தித் தாளில் கையெழுத்திட வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் கால் மணிச் சம்பளம் போகும். அதனால் முதலில் வருகிறவள் மற்றவளுக்கும் சேர்த்துப் போடுவாள். லினெட்டின் கையெழுத்தைப் பெவர்லி கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். நாற்பது பெண்களும் அப்படித்தான்.

விபத்து நடந்த மூன்றாம் மாதம் லினெட் மீன் அறுக்கும் வரிசையின் மேற்பார்வைக்கு உயர்த்தப்பட்டாள். அதற்குப் பிறகு வியாழக்கிழமை பிங்கோ ஆட்டத்துக்கு அவள் வருவதில்லை. அப்போது பெவர்லி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது நினைத்தாள்.

மத்தியானம் லினெட்டின் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு ஒரு சாண் திறந்தது.

“போன் எங்க?” என்றாள் லினெட்.

“என்னது?”

“உன் போன். ரெக்கார்டு பண்றியா? வெளிய வெச்சுட்டு வா.”

பெவர்லி போனைக் குப்பைத் தொட்டியின் மூடிமேல் வைத்தாள். “இப்ப திருப்தியா? வேணும்னா ஷூவையும் கழட்டிக் காட்டறேன்.”

“உன் காலு நாத்தம் எனக்குத் தெரியும். உள்ள வா.”

சமையலறையில் நகலை மேசைமேல் போட்டாள். லினெட் குனிந்து பார்க்கவில்லை. அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“எவ்வளவுக்கு வித்த, லினெட்? மணிக்கு ஒரு பவுண்டு கூட குடுத்தாங்களா?”

“ஒரு பவுண்டு பத்து பென்ஸ்.” லினெட்டின் கழுத்து சிவந்தது. “வித்தேன்னு சொல்லாத. உன்னை ஆம்புலன்ஸ்ல ஏத்துன கையோட ஹாலம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டான். பக்கம் பூரா மீன் தண்ணி, மேலிடத்துக்கு அனுப்ப முடியாது, வேற பக்கத்துல நல்லா எழுதுன்னான். குழாய் ஒழுகுறத எழுதாத, அது தனி விசாரணைல வரும், இப்ப படியில விழுந்ததா எழுதுன்னான்.”

ஹாலம் ஆலையின் மேலாளர். குழாய் இணைப்பு ஒழுகுவதைப் பெவர்லி திங்கட்கிழமையே அவனிடம் சொல்லியிருந்தாள். விழுந்தது வியாழன்.

“சரி, எழுதுன. என் கையெழுத்து?”

“அவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாளேன்னு கேட்டேன். ‘நீ தினமும் போடறதுதானே, எனக்குத் தெரியாதா’ன்னு சிரிச்சான். மேசைமேல கத்தித் தாள் மொத்தமும் அடுக்கி வெச்சிருந்தான், பெவ். அப்புறம் நான் என்ன பண்றது?”

“பதினாலு மாசம். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருப்பேன். உன் புருஷன் கிளப்ல நின்னு, இந்த வழக்குல ஆலை பக்கம் நிக்கறவ யாரா இருந்தாலும் கோர்ட்டுக்கு இழுத்து வீட்டை விக்க வெப்பேன்னு கத்துனான். நீதான் அவனைச் சொல்லச் சொன்னேன்னு நெனச்சேன்.”

“கீத் அப்படிச் சொன்னானா?”

“மூணு பைன்ட் பீர் உள்ள போனதுக்கு அப்புறம்.”

லினெட் எழுந்து ஃப்ரீசரின் கடைசி இழுப்பறையை இழுத்தாள். பட்டாணிப் பொட்டலங்களுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். பைமேல் ஆலையில் பெட்டிகளில் எழுதுவது போலவே மார்க்கரில் தேதியும் நேரமும் இருந்தன. உள்ளே நான்காக மடிந்து உறைந்த ஒரு காகிதம். மடிப்பில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

“கிழிச்சுப் போடச் சொன்னான். ரெண்டே நாள்ல நாற ஆரம்பிச்சுது. அதான் இதுல போட்டேன்.”

“கிழிக்க வேண்டியதுதானே?”

“நான் என்ன முட்டாளா? நாளைக்கு அவனே என் மேல பழி போட்டா?”

பைக்குள்ளேயே காகிதம் கொஞ்சம் இளகும் வரை காத்திருந்தார்கள். ‘குழாய் இணைப்பு ஒழுகல், திங்கட்கிழமை சொல்லியாச்சு’ என்ற வரி தெரிந்தது. அதற்குக் கீழே மண்புழு. பெவர்லி கை நீட்டினாள். லினெட் பையை விடவில்லை.

“உன் இன்சூரன்ஸ் இருக்கே, அது என்னையும் சேத்துக் காப்பாத்துமா?”

பெவர்லி அந்தப் பத்திரத்தை இன்று காலையிலிருந்து ஐந்து முறை படித்திருந்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். லினெட் எதையும் படிப்பவள் அல்ல.

“இல்ல. நானும், என்னோட ஒரே வீட்டுல இருக்கற குடும்பமும் மட்டும்தான்.”

“அப்ப உன் மாடி ரூம்ல குடி வந்துடறேன்.”

“வா. கீத் குறட்டை கீழ் வீடு வரைக்கும் கேக்கும்.”

லினெட் சிரித்தாள். பையை மட்டும் தரவில்லை. “நானே போஸ்ட் பண்றேன். திங்கட்கிழமை, ஷிப்டுக்கு முன்னாடி. நீயும் வா. என் பேர்லயே ரசீது வாங்குறேன். அப்புறம் இது காணாமப் போச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது.”

“என்னை நம்பலையா?”

“நீ நம்பித்தான் என் வீட்டுக்கு வந்தியா?”

அன்று மாலை பெவர்லி விளக்கத்தை எழுதினாள். கத்தித் தாளில் தானும் பதினோரு வருஷம் லினெட்டின் பெயரைப் போட்டதையும் எழுதினாள். கீத் அந்த வரியைப் பார்த்ததும் குதித்தான்.

“பொய் சொன்னா ரத்துன்னு எழுதியிருக்கான். நீயே போயி கையெழுத்து மோசடி பண்ணேன்னு சொல்றியே!”

“நான் சொல்லலேன்னா ஹாலம் சொல்லுவான். தாள் அவன் கையில இருக்கு. அப்ப மறைச்சதா ஆகும்.”

“வெட்டிடு அந்த வரிய.”

“கிளப்ல நீ பேசுனதைத்தான் முதல்ல வெட்டியிருக்கணும்.”

திங்கட்கிழமை போஸ்ட் ஆபீஸ் வரிசையில் லினெட் பையைக் கோட்டுக்குள் வைத்திருந்தாள். உறைமேல் எழுதிய இன்சூரன்ஸ் முகவரியைக் கீத்தும் கூட வந்து சரிபார்த்தான். அது ஆலைத் தரப்பின் முகவரி இல்லை என்று அவனுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. விபத்தன்று ஆஸ்பத்திரியில் அதே போல இடது கையால் கிறுக்கிய சம்மதப் படிவத்தின் நகலும் உள்ளே போனது.

பதினோராம் நாள் ஜோர்டன் கூப்பிட்டான். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவன் அன்று கொஞ்சம் வேகமாகப் பேசினான். காப்பீடு ரத்தாகாது, தொடரும். அந்தப் பக்கத்தைப் பார்த்த, வழக்கில் வாதாடப் போகும் பாரிஸ்டர் வாய்ப்பை அறுபத்தைந்து சதவீதம் என்று எழுதியிருக்கிறார்.

“அந்தக் கத்தித் தாள் விஷயம்?” என்று கேட்டாள் பெவர்லி.

“நீங்களே சொன்னதால பரவாயில்லைன்னுட்டாங்க. ஆனா பெவர்லி, உங்க தோழி சாட்சி சொல்ல வரணும். ஆலை அவங்களை என்ன பண்ணும்னு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது.”

அன்று மத்தியானம் லினெட்டுக்குப் போன் செய்தாள்.

“இப்பல்லாம் கத்திக்கு எங்க மேற்பார்வையாளருங்க முன்னாடி நின்னு கையெழுத்துப் போடணும்,” என்றாள் லினெட். “நாப்பது பேர் க்யூ. எல்லாரும் உன்னைத்தான் திட்டறாங்க.”

“ஹாலம் உன்கிட்ட ஏதாவது சொன்னானா?”

“ஒண்ணும் சொல்லல. தினமும் குட் மார்னிங் சொல்றான். முன்னாடியெல்லாம் சொல்ல மாட்டான்.”

“லினெட், உன் வீட்டு இன்சூரன்ஸ்ல வழக்குச் செலவு இருக்கான்னு பாரு. வேலைத் தகராறுக்கும் தருவாங்க.”

“முந்தாநேத்துதான் கூப்பிட்டுச் சேத்தேன். இருபத்தஞ்சு பவுண்டு கட்டியாச்சு.” லினெட் நிறுத்தினாள். “ஏற்கனவே தொடங்குன தகராறுக்குச் செல்லாதாம். எப்ப தொடங்குச்சுன்னு அந்த இன்சூரன்ஸ் பொண்ணு போன்ல கேட்டா, பாத்துச் சொல்றேன்னு வெச்சுட்டேன். என்ன சொல்லட்டும், பெவ்?”