மூன்றாம் படியில் நின்ற தண்ணீர்

தண்ணீர் மூன்றாம் படியோடு நின்றுவிட்டது. கோழியக்காவுக்குப் பிடித்த பீடையே அதுதான்.

ஊரே அவளைக் கோழியக்கா என்று கூப்பிட்டாலும் அவளிடம் ஒரு கோழிகூடக் கிடையாது. பண்ணைகளிலிருந்து முட்டை வாங்கி, எந்திரத்தில் அடைகாத்து, பொரித்த மறுநாளே குஞ்சுகளை விற்றுவிடுவாள். கணவனின் தங்கை கூட இருந்து பார்த்துக்கொள்வாள். கணவன் வேனில் குஞ்சுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவன்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் எந்திரம் இடுப்பளவு சேற்றில் கிடந்தது. அதற்குப் பிறகு கோழியக்கா தன் நகைகளை விற்று, கட்டடத்தை அஞ்சு படி உயர்த்திக் கட்டினாள். முட்டைக்கு மாளிகையா என்று தெருவே சிரித்தது. இந்தத் தடவை வெள்ளம் வந்து தெருவிலிருந்த மற்ற கடைகளையெல்லாம் முழுக்காட்டியபோது, அவள் ஐந்தாம் படியில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். அரை நாள் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் கரண்டு போனது.

துணைமின் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம். ஜெனரேட்டர் ஒரு நாள் ஓடியது. டீசல் தீர்ந்தது. டீசல் விற்கும் இடமே தண்ணீருக்குள் இருந்தது. எந்திரத்துக்குள் நாலாயிரத்து எண்ணூறு முட்டைகள். பதினேழு நாள் அடைகாத்தாகிவிட்டது, இன்னும் நாலே நாள். இரண்டு பெண்களும் வீட்டிலிருந்த போர்வை, கம்பளி, கணவனின் பழைய கோட்டு எல்லாவற்றையும் எந்திரத்தின் மேல் போர்த்தினார்கள். கேஸ் இருக்கும்வரை வெந்நீர் காய்ச்சிப் பானை பானையாக உள்ளே வைத்தார்கள். நாலாம் நாள் கரண்டு வந்தது. நாத்தனார் ஒரு முட்டையை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். உயிருள்ள முட்டை என்றால் உள்ளே நிழல் அசையும். அசையவில்லை. இன்னொன்று. இன்னொன்று. நாற்பது முட்டை பார்த்த பிறகு கோழியக்கா டார்ச்சைப் பிடுங்கி அணைத்தாள்.

"போதும், விடு."

அன்றைக்கு அழக்கூட நேரமில்லை. நிவாரண எண்ணுக்கு ஃபோன் போட்டாள்.

"சேதமான பொருளை எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. ஆள் வந்து பார்த்தப்புறம்தான் அகற்றணும்" என்றது ஒரு பெண் குரல்.

"எப்ப வருவாங்க?"

"வரிசைப்படி வருவாங்க."

வரிசை ஒன்பது நாள் நகர்ந்தது. முட்டையால் அவ்வளவு நாள் பொறுக்க முடியுமா? ஐந்தாம் நாள் நாற்றம் படியிறங்கித் தெருவுக்கு வந்தது. ஏழாம் நாள் முட்டைகள் தாமாக வெடிக்க ஆரம்பித்தன. டப், டப் என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணி, இன்னொண்ணு போச்சு" என்பாள். எதிர்க் கடையில் சேற்றை வாரிக்கொண்டிருந்த மெத்தைக்கடைக்காரர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏம்மா, வெள்ளத்துல சாகாம தப்பிச்சோம், உன் முட்டையில சாகணுமா?"

ஒன்பதாம் நாள் ஆள் வந்தார். கோழியக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வந்தவர் சேதம் பார்க்கிறவர் இல்லை, சுகாதார ஆய்வாளர். வாசலிலேயே நின்று நோட்டீஸ் எழுதினார். மின்தடையால் கெட்டுப்போன நாலாயிரத்து எண்ணூறு முட்டைகள். இருபத்துநாலு மணி நேரத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். தவறினால் பூட்டி சீல்.

"சார், தூக்கிப் போடக் கூடாதுன்னு அந்த ஆபீஸ் சொல்லுது. தூக்கிப் போடுன்னு நீங்க சொல்றீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே சர்க்கார்தானே?"

"அது வேற துறைம்மா."

அவள் அந்த இடத்திலேயே நிவாரண எண்ணைப் போட்டு ஃபோனை அவர் கையில் திணித்தாள். அவர் இரண்டு நிமிஷம் கேட்டார். "உங்க ரூல் உங்களுக்கு, எங்க ரூல் எங்களுக்கு" என்று சொல்லி ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். கோழியக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் அந்த ஃபோனுக்கு ஒரு பலன் இருந்தது. மறுநாள் காலை சேத மதிப்பீட்டு ஆள் வந்து சேர்ந்தான். முப்பது வயது இருக்கும். பத்து நாள் தாடி, முழங்கால் வரை காய்ந்த சேறு, இடுப்பில் அளவு டேப்பு, கையில் டேப்லெட். தெருவில் ஏற்கெனவே அவனுக்கு டேப்பு சார் என்று பெயர் வைத்தாகிவிட்டது. உள்ளே வந்து, குமட்டலை அடக்கிக்கொண்டு, முப்பத்திரண்டு தட்டுகளையும் எண்ணினான். தட்டுக்கு நூற்றைம்பது. கணக்கு சரியாக வந்தது. கோழியக்காவுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

"சொல்லுங்கக்கா, கட்டடத்துக்குள்ள எத்தனை சென்டிமீட்டர் தண்ணி வந்துச்சு?"

"உள்ள வரலை தம்பி. மூணாவது படியோட நின்னுடுச்சு."

அவன் பூஜ்யம் போட்டான். டேப்லெட் சிவப்பாக எதையோ காட்டியது. திரும்பப் போட்டான். திரும்பச் சிவப்பு.

"பூஜ்யம்னா சேதம் இல்லைன்னு எடுத்துக்குதுக்கா. அடுத்த பக்கமே திறக்க மாட்டேங்குது."

"கரண்டு போனதால செத்துச்சுன்னு போடுங்க."

"அதுக்கு இடமில்லையே." அவன் வேறொரு பக்கத்தைத் தட்டினான். "சரி, இது விவசாயமா, தொழிலா, வியாபாரமா?"

"நீங்களே பாருங்க. பண்ணை முட்டை, எந்திரம், விற்பனை. எதுல வேணா போடுங்க."

"விவசாயம்னா இறந்த கோழி எத்தனைன்னு கேட்குது."

"நாலாயிரத்து எண்ணூறு."

"அது முட்டைக்கா. கோழி இன்னும் பிறக்கலையே."

"பிறக்கலைன்னா சாகாதா? முட்டைக்குள்ள என்ன தம்பி இருந்துச்சு, பூசணிக்காயா?"

அவன் தொழில் பக்கம் போனான். எந்திரம் பழுதா என்று கேட்டது. எந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரப் பக்கத்தில் நனைந்த சரக்கு எவ்வளவு என்று கேட்டது. ஒன்றும் நனையவில்லை. டேப்பு சார் ஒரு காலி டிரேயைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. பத்து சென்டிமீட்டர்னு போட்டுடறேன். எல்லாப் பக்கமும் திறந்துடும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

நாத்தனார் முகம் மலர்ந்தது. கோழியக்கா முகம் சிவந்தது.

"சார்" என்றாள். அதுவரை தம்பி என்றவள். "இந்த அஞ்சு படியும் என் கழுத்துல கிடந்தது, தெரியுமா? தண்ணி உள்ள வரக் கூடாதுன்னு கட்டினேன். வரலை. வந்துச்சுன்னு நானே கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

"அண்ணி, பத்து சென்டிமீட்டருக்கு இவ்வளவு ரோஷமா? எல்லாரும்தான் கூட்டிப் போடறாங்க" என்றாள் நாத்தனார்.

"எல்லாரும் போடட்டும். வெள்ளம் வந்தா கரண்டு போகும், கரண்டு போனா என் தொழில் சாகும். இதை ஒருத்தன் எழுத மாட்டேன்னா, அடுத்த தடவையும் இதே கதைதான்."

டேப்பு சார் தட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டான். மறுநாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனான். அன்று மாலைக்குள் இரண்டு பெண்களும் ஒரு கூலி ஆளை வைத்துக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, முட்டைகளைப் புதைத்தார்கள். கடைசித் தட்டைக் கவிழ்த்தபோதுதான் கோழியக்கா அழுதாள். நாற்றத்தால் கண்ணில் தண்ணீர் வருவதாகச் சொல்லிக்கொண்டாள்.

அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பக்கத்து மேஜையில் கட்டுக் கட்டாகப் படிவங்கள். பொழுது போகாமல் ஒன்றை எடுத்துப் படித்தாள். படிக்கப் படிக்க நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நேராகக் கண்காணிப்பாளரின் மேஜைக்குப் போனாள். அங்கே டேப்பு சாரும் நின்றிருந்தான்.

"சார், இதுல பாருங்க. மின்தடையால் அழிந்த முட்டைகள், குஞ்சுகள், எண்ணிக்கை. இடம் இல்லைன்னீங்களே!"

கண்காணிப்பாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அது மீன் பண்ணைக்கும்மா."

"மீன் முட்டைக்குக் கரண்டு வேணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கோழி முட்டைக்கு வேணும்னு தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. படிவத்துக்குத் தெரியலை."

"மாத்தி எழுதுங்க."

"எனக்கு அதிகாரமில்லை."

"யாருக்கு இருக்கு?"

அவர் விட்டத்தைக் காட்டினார். "மேல, மாடியில."

கோழியக்கா மாடியேறினாள். அறையில் பூட்டுத் தொங்கியது. பெரிய அதிகாரி வெள்ளம் பார்க்கப் போயிருந்தார். எப்போது வருவார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இறங்கி வந்தவள் மறுபடி மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்துக் கண்காணிப்பாளர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அப்போது டேப்பு சார் அந்தப் படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கினான். மேஜையில் வைத்து, 'மீன்' என்றிருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு 'கோழி' என்று எழுதினான். எண்ணிக்கையை நிரப்பினான். சுகாதார ஆய்வாளரின் நோட்டீஸ் எங்கே என்று கேட்டு வாங்கி, அதையும் சேர்த்துப் பின் அடித்தான். கீழே கையெழுத்துப் போட்டான்.

"நாளைக்கு மேல கேட்டா யாருய்யா பதில் சொல்றது?" என்றார் கண்காணிப்பாளர்.

"நான் சொல்றேன் சார். படத்துல பார்க்கிறவங்களுக்குச் சந்தேகம் வரலாம். நான் மூக்கால பார்த்துட்டு வந்திருக்கேன்."

அதோடு முடிந்துவிட்டதா? முடியவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது: குளத்தின் நீளம், அகலம், ஆழம் தெரிவிக்கவும். குளம் இல்லை என்று எழுதிப் போட்டாள். அடுத்த மாதம் இன்னொன்று: குளம் இல்லாமல் வளர்த்தது எவ்வாறு என விளக்கவும். கோழியக்கா கடிதத்தைச் சுவரில் விட்டெறிந்தாள். நாத்தனார் பொறுக்கியெடுத்து, "கோழி. நீந்தாது" என்று இரண்டே வார்த்தையில் பதில் எழுதி அனுப்பினாள். அந்தப் பதில்தான் யாரையோ உறுத்தியிருக்க வேண்டும். நாலாம் மாதம் பணம் வந்தது. கேட்டதில் முக்கால்வாசி. கால்வாசி ஏன் குறைந்தது என்று எந்தக் கடிதத்திலும் இல்லை.

அதைச் சொல்லத்தான் டேப்பு சாருக்கு ஃபோன் செய்தாள். அவன் வேறொரு ஊரில், புயலடித்த இடத்தில் இருந்தான். பின்னால் யாரோ சத்தமாகப் பேசுவது கேட்டது.

"சந்தோஷம்க்கா. ஆனா இங்க என் உயிரை வாங்கறாங்க. தேனீ வளர்க்கிறவர் ஒருத்தர். பெட்டிக்கு ஒண்ணும் ஆகலை, தேனீக்கும் ஒண்ணும் ஆகலை. சுத்துவட்டாரத்துல ஒரு பூ இல்லை, எல்லாம் காத்துல போச்சு. இனி ஒரு வருஷம் தேன் கிடையாதாம். ஆனா பூ அவருதில்லையே! யாரோட சேதம்னு போடறது?"

"படிவம் என்ன கேட்குது?"

"உடைஞ்ச பெட்டி எத்தனைன்னு கேட்குது."

கோழியக்கா பெருமூச்சு விட்டாள். புது முட்டைத் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு, ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவரு பக்கத்துல இருக்காரா? ஃபோனை அவர்கிட்ட குடு தம்பி."