இடம் மாறிய எழுத்துகள்

…அவள்தான் என்று எப்படி வாயில் வந்தது, யோசித்துச் சொன்னதுகூட இல்லை, பம்பு பெட்டிக்குத் தகடு அடிக்கக் கொடுக்கும் சதாசிவம் அண்ணன் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டார், இவன் சொல்லிவிட்டான், "வீட்லதாண்ணே, கலாதான் செக் பண்ணா," அவ்வளவுதான். சுகுமாரன் அலுமினியத் தகட்டை மை கரைக்கும் தின்னரால் துடைத்தான், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். லகாட் ஊரில் இந்த வீட்டின் கார் நிறுத்துமிடத்தில்தான் ஆறு வருஷமாகப் பம்பு பெட்டிகளுக்கு முகப்புத் தகடு அச்சடிக்கிறான், சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையைத் தள்ளினால் எழுத்து விழும், என் தகடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்… இப்போது அண்ணனுக்கு அடித்த முப்பது தகடும் திரும்பி வந்து கிடக்கின்றன, ஆன் இருக்கவேண்டிய இடத்தில் ஆஃப், ஆஃப் இடத்தில் ஆன். பாகான் செராயில் வயல் பம்புக்குப் புதுப் பெட்டியை மாட்டியபோது கரண்ட் இல்லையாம், பவித்ரன் விசையை ஆஃப் பக்கம் திருப்பிவிட்டு நம்பிப் பெல்ட்டில் கை வைத்திருக்கிறான், கரண்ட் வந்துவிட்டது, இரண்டு விரல்… அண்ணனின் தங்கை மகன், போன தீபாவளிக்கு இந்த வீட்டில் சாப்பிட்டவன், எந்தக் கை, வலதா, அதைக் கேட்கக்கூடத் தோன்றவில்லையே.

அவள் பார்க்கத்தான் செய்தாள். முதல் தகட்டில் மை காய்வதற்குள் அண்ணன் கொடுத்த வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஏங்க, இது ரெண்டும் மாறி இருக்கிற மாதிரி இருக்கே," என்றாள். "எனக்கு நீ சொல்லித் தர வேணாம் லா, போய் சமையலப் பாரு," என்றது யார்? மேசையின் அந்தப் பக்கம் அவள் இப்போதும் அதே வரைபடத்தோடு நிற்கிறாள், ஒவ்வொரு தகட்டையும் விரல் வைத்து ஒப்பிடுகிறாள், ஒரு வார்த்தை திட்டினால்கூட நன்றாக இருக்கும்…

"கலா, அண்ணனுக்கு போன் பண்ணிடுறேன்."

"என்னன்னு?"

"நான்தான் பண்ணேன்னு."

"பண்ணுங்க," என்றாள், நிமிரவில்லை, குரலில் கோபமும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. கையெல்லாம் மை, கழுவிவிட்டுப் போனை எடுக்கலாம், இந்த ஒரு தகடு முடியட்டும், அடுத்ததும்… காலையில் அவள், "ஆமாண்ணே, நான்தான் கவனிக்கல, மன்னிச்சிருங்க," என்றாளே, அது இவன் சொன்னதைக் கேட்டுவிட்டா வந்தாள்? இல்லையே, "இத யாருதான் பாத்தீங்க?" என்று அண்ணன் கேட்டதும் இவன் தலையைத் திருப்பினான், அப்போதே அவள், இவன் யார் பேரைச் சொல்வான் என்று தெரிந்தவள் போல, ஈரக்கையோடு வாசலுக்கு வந்து நின்றிருந்தாள், இவன் இன்னும் வாயைத் திறந்திருக்கவே இல்லை.